கேக்குற பாறை

கப்பல்ல ஆளு ஏத்திட்டுப் போன காலத்துல, மலாயாவுல ஒரு ரப்பர் தோட்டம் இருந்துச்சாம். அங்கே வந்து இறங்கினவ குருவம்மா. புருசன் சடையாண்டி கல்யாணமான கையோட கப்பலேறிட்டான். வருசம் பல கழிச்சு இவளை வரச் சொன்னான்.

குருவம்மாளுக்கு எல்லாமே அதிசயமாம். மரத்துல பால் வடியுறது அதிசயம். தினம் மழை பெய்யுறது அதிசயம். புருசனும் அதிசயந்தான், முகமே பாதி மறந்திருந்துச்சே. இவன் எதுக்குச் சிரிக்கிறான், எதுக்குச் சும்மா இருக்கான்னு பார்த்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாளாம். ஆசையாத்தான் இருந்தாங்களாம்.

கொஞ்ச நாள்ல அவளுக்கு நீர் போகையில எரிச்சல். அடிவயித்துல வலி. ஊரா இருந்தா ஆத்தாகிட்ட கேட்டிருப்பா. இங்கே கூலிக்காரங்க வரிசையா குடியிருந்த லயத்துல பக்கத்து வீட்டுக்காரி வேற ஊரு, எதிர்வீட்டுக்காரி வேற சாதி. யாருகிட்ட கேட்பா? தண்ணி சேரலையோன்னு நினைச்சு, ஆத்துத் தண்ணியை விட்டுட்டு மழைத்தண்ணி குடிச்சுப் பார்த்தாளாம். எரிச்சல் நிக்கலை.

ஒரு நாள் ஆத்துப் பாறையில துணி துவைக்கிறப்போ, தெய்வானைன்னு ஒருத்தி அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

"அக்கா, உங்களுக்கும் எரியுதா?"

தெய்வானை துணியை அலசினா, பிழிஞ்சா, மறுபடி அலசினா. அப்புறம் சொன்னாளாம்: "வந்ததுலேருந்து இருக்கு. என் உடம்புதான் கெட்ட உடம்புன்னு நினைச்சேன்."

ரெண்டு பேரும் மத்தப் பொம்பளைங்களைக் கேட்டாங்க. புருசனோட சேர்ந்து வந்தவளுக்கு ஒண்ணுமில்லை. எவ புருசன் முன்னாடியே தனியா வந்து இருந்தானோ அவளுக்குத்தான் எரியுது. உடனே தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரஸ்ஸர்கிட்ட போனாங்க. இது ஆம்பளைகிட்டேருந்து ஒட்டினது, ரெண்டு பேரும் மருந்து எடுக்கணும், இல்லேன்னா திரும்ப வரும்னு அவரு சொன்னாராம்.

குருவம்மா வீட்டுக்கு வந்து சத்தம் போடலை. "மாமா, நான் வர்றதுக்கு முந்தி நீ எப்படி இருந்தே?"ன்னு கேட்டா.

 சடையாண்டி டவுனுல பொம்பளைங்ககிட்ட போனதைச் சொன்னான். தனக்கும் எரிஞ்சு தானா அடங்கினதைச் சொன்னான். "தனியா இருந்தேன், குருவம்மா."

அவளுக்கு அழுகை வந்துச்சாம். கோவத்துலயா, அவன் தனியா கிடந்ததை நினைச்சு வந்ததான்னு அவளுக்கே தெரியலையாம். "மருந்து முடியுற வரைக்கும் உன் பாய் அங்கே, என் பாய் இங்கே"ன்னுட்டா.

அவனும் டிரஸ்ஸர்கிட்ட போனான். ரெண்டு பேருக்கும் குணமாச்சு. பின்னாடி ஒரு பொண்ணும் பிறந்துச்சு, நாங்க அந்த வழிதான். தெய்வானை புருசன் மட்டும் மருந்துக்கு வரமாட்டேன்னுட்டான். நோவு திரும்பத் திரும்ப வந்து, அவளுக்குக் கடைசி வரைக்கும் பிள்ளை இல்லை.

அதுலேருந்து, புதுசா ஒருத்தி வந்து இறங்கினா தெய்வானைதான் முதல்ல கையைப் பிடிச்சு அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போவாளாம். இன்னைக்கும் அந்தத் தோட்டத்துக்கு வாழ வர்ற பொண்ணைப் பொம்பளைங்க அங்கே உட்கார வைக்கிறாங்க. புத்தி எதுவும் சொல்ல மாட்டாங்க. அவ வாயைத் திறந்து கேக்குற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பாங்க. கேக்குற பாறைன்னு அதுக்குப் பேரு வந்தது அப்படித்தான்.