மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி

கோர்வைச் சேலை நெய்கிற தறியில் ஒருவனுக்குத் தும்மல் வந்தால் இருவரும் கையை நிறுத்த வேண்டும். சேலையின் உடலுக்கு ஊடு நூல் ஓட்ட ஒரு நாடா, கரைகளுக்குத் தனி நாடா. இந்தப் பக்கம் நான், எதிர்க்கரைக்கு என் தம்பி சிவபாலன். இருபது வருடமாக அப்படித்தான். வேற்றாள் கை எனக்கு ஒத்துவராது.

கல்யாணமாகி ஆறு வருடம், அவனுக்குக் குழந்தை இல்லை. எந்நேரமும் அசதி வேறு. ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் குறைவு என்று வந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். "வெக்கமா இருக்குது, நீயே கேட்டுக்கினு வாண்ணா."

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. தெம்பு வரும். ஆனா விந்தணு நின்னுடும். கொழந்தை வேணும்னா இது வேணாம், வேற மருந்து இருக்குது. பசங்க இருக்காங்களா?"

"ரெண்டு இருக்குது சார்" என்றேன்.

பொய் இல்லை. என் பிள்ளைகள் அவனுக்கும் பிள்ளைகள்தாமே.

முந்தின வாரம்தான் தறியில் உட்கார்ந்தபடி சொல்லியிருந்தான்: "ஒரு கொழந்த பொறந்துட்டா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போயிடுவேண்ணா. அது காலு இந்தத் தறிக்குழியில எறங்கக் கூடாது."

வெளியே வந்து, "ஊசி போட்டா சரியாயிடும்பா" என்றேன். அசதி சரியாயிற்று. ஊசி விஷயம் எங்கள் இருவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏமாற்று என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மீசை அடர்ந்தது, தோள் திரண்டது. பங்குனி உத்திரத்தில் அவன் சாமி தூக்கியதை எங்கள் பிள்ளையார்பாளையமே நின்று பார்த்தது. "இன்னாடா, சிங்கமாட்டம் கீற!" என்றார் பக்கத்து வீட்டுத் தணிகாசலம். சிங்கத்திடம் குறை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? எல்லோரும் அவன் பெண்டாட்டி துர்காதேவியைத்தான் பார்த்தார்கள். அவள் குமரகோட்டம் முருகன் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டாள். கடைசியில் என்னிடம்தான் வந்து கேட்டாள்: "அவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க மாமா."

"அவனப் பாத்தா டெஸ்ட் எடுக்கற ஆளாட்டமாவா இருக்குது?" என்றேன்.

அவளுக்கே அவன் மேலிருந்த சந்தேகம் போய்விட்டது. அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. விவாகரத்தும் முடிந்தது.

இப்போது ஆரணியில் பெண் பார்த்திருக்கிறேன். அபிநயா, இருபத்து மூன்று வயது. வரும் வருடம் தொட்டில் கட்டலாம் என்று அவள் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளி ஊசித் தேதி. மாப்பிள்ளைக்கு அந்த அலைச்சலில் ஞாபகம் இருக்காது. நான்தான் கூட்டிப்போக வேண்டும். அண்ணன் என்று ஒருவன் இல்லாவிட்டால் அவன் உடம்பை யார் பார்ப்பார்கள்?