ஆறு மாடிக்கான வேக எண்

உங்கள் ஸ்டேஷன் சுவர்க்கடிகாரம் நாற்பது விநாடி பின்தங்கி ஓடுகிறது, சார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளே வந்ததிலிருந்து கண் அங்கேயே போகிறது. சொல்லிவிட்டால் நிம்மதியாகப் பேசலாமே என்று பார்த்தேன்.

நான் புகார் கொடுக்க வரவில்லை. ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன். போன மாதம் பதினெட்டாம் தேதி, எங்கள் பந்தய வார இதழ் அலுவலகத்துப் படிக்கட்டில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இறந்துபோனார். இயற்கை மரணம் என்று டாக்டர் எழுதினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் ஆசிரியர் கறுப்புக் கட்டம் கட்டி ‘எதிர்பாராத மறைவு’ என்று போட்டாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து எதிர்பார்த்தவன் ஒருவன் இருக்கும்போது அப்படி எழுதலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பேனாவை மூடாதீர்கள். இனிமேல்தான் எழுத வேண்டியிருக்கும்.

முதலில் என் தொழில். பந்தயம் பார்க்க வருகிறவர்கள் எந்தக் குதிரை முதலில் வந்தது என்று பார்ப்பார்கள். அது எப்படி வந்தது என்று பார்ப்பவன் நான். கையில் ஸ்டாப்வாட்ச். முதல் மூன்று ஃபர்லாங்கை எத்தனை விநாடியில் ஓடியது, கடைசி மூன்றை எத்தனையில் முடித்தது. தரை ஈரமா, எதிர்க்காற்றா, முதுகில் எவ்வளவு எடை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு எண் கிடைக்கும். ஒன்று முன்வேகம், மற்றொன்று மிச்ச மூச்சு. ‘வேக எண்’ என்ற தலைப்பில் இருபத்திரண்டு வருடம் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

வேக எண் சொல்லித் தரும் பாடம் சின்னது. ஆரம்பத்திலேயே பறக்கிற குதிரையைத் தனியாகப் பறக்க விட்டால் அது ஜெயித்துவிடும். அதன் காதோரமாக இன்னொன்றை ஓட விட்டால், விட்டுக்கொடுக்க மனசில்லாமல் மூச்சையெல்லாம் முதல் பாதியிலேயே செலவழித்துவிட்டுக் கடைசியில் கால் பின்னிக்கொள்ளும். விவரமான பயிற்சியாளர்கள் இதற்கென்றே ஜெயிக்க வக்கில்லாத ஒரு குதிரையைக் கூடச் சேர்த்து ஓட விடுவார்கள். நான் அதைத் தூண்டில் குதிரை என்பேன்.

மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முகத்தைப் பார்த்தே அளவு சொல்கிறவர். பஸ்ஸில் முதலில் ஏறுவார், டாக்டரிடம் முதல் டோக்கன் வாங்குவார், நாலு பேர் சேர்ந்து நடந்தால் நாலு அடி முன்னால் போவார். வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு சனிக்கிழமை பொழுதுபோகவில்லை என்றாரே என்று நானேதான் அவரைப் பந்தயத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று என்னைக் கேலி செய்வதானால் செய்யுங்கள்.

ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். மச்சான் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தார்.

“மாப்ள, அந்த நாலாம் நம்பர் வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கு, ஓடாது. ஏழுக்கு இன்னிக்கு ஏதோ நல்ல சேதி வந்திருக்கு, மூஞ்சியப் பாருங்க.”

என் கணக்கில் நாலாம் நம்பருக்குத் தொண்ணூற்று நாலு. ஏழுக்கு எழுபத்தொன்று. ஏழுதான் வந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் தற்செயல் நடந்தது. ஒன்பது வாரம் விடாமல் நடந்தது. ஆசிரியர் காதுக்குப் போய், அவர் விழுந்து விழுந்து சிரித்து, மச்சானுக்கு இதழில் உள்ளங்கை அகலம் இடம் கொடுத்தார். வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. எனக்கும் கடிதம் வரும். என் கூட்டலில் பிழை கண்டுபிடித்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுதுவார்.

வீட்டில் சாப்பிடும்போது மச்சான் சொல்வார், “மாப்ளயோட எண்ணுல ஒரு குத்தமும் இல்லம்மா. குதிரைங்கதான் பள்ளிக்கூடம் போகல.” என் மனைவி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பதினோரு விநாடி. எனக்குக் கோபம் வரவில்லை. நேரம் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஆசிரியர் கூப்பிட்டு, மூன்று மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது, அதற்கப்புறம் என் பக்கம் மச்சானுக்கு என்றார். “மனசுல வச்சுக்காதீங்க. வாசகனுக்குச் சிரிக்கணும். உங்க பக்கத்தப் படிச்சா தலைவலி வருதாம்.” நியாயமான பேச்சு. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று முதல் மச்சானுக்கு வேக எண் போட ஆரம்பித்தேன். விளையாட்டாகத்தான்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு மாடிக்கு மேல் நிற்காமல் ஏறக்கூடாது, நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மச்சான் சட்டையை மாற்றினால் மாத்திரையை மறந்துவிடுவார். அதனால் என் மனைவி அந்தச் சின்ன டப்பாவை என்னிடம் கொடுத்திருந்தாள். “நீங்கதான் எதையும் மறக்க மாட்டீங்க. அண்ணன்கூட வெளிய போறப்ப வச்சுக்கங்க,” என்றாள். உண்மைதான், நான் எதையும் மறப்பதில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. மச்சான் வரும்போதெல்லாம் நான் மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்று காலடிச் சத்தத்துக்கு ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவேன். முதல் மாடிக்குப் பதின்மூன்று விநாடி, இரண்டாவதுக்குப் பதினேழு, மூன்றாவதுக்கு இருபத்தொன்பது. சாப்பிட்டுவிட்டு வந்தால் இரண்டு விநாடி கூட்டிக்கொண்டேன், கையில் பை இருந்தால் ஒன்று. முப்பத்தாறு தடவை எடுத்து நோட்டில் வரிசையாகப் போட்டேன். முன்வேகம் தொண்ணூற்றெட்டு. மிச்ச மூச்சு பன்னிரண்டு. இப்படி ஒரு குதிரையை நான் பார்த்ததே இல்லை. இதழ் அலுவலகம் ஆறாவது மாடியில். நிற்காமல் ஏறினால் நாலாவது மாடியைத் தாண்டி எட்டாவது படி. அதற்கு மேல் இல்லை.

பதினெட்டாம் தேதி அவர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போக வேண்டும். பக்கத்தை ஒப்படைக்க நானும் கூடப் போனேன். முன்கூட்டியே ஒரு நடை போய், மாடிப்படிக்கடியில் கிடந்த ‘லிஃப்ட் பழுது’ அட்டையை எடுத்து லிஃப்ட் கதவில் மாட்டியிருந்தேன். ஆசிரியர் பதினோரு மணிக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று மச்சானிடம் சொல்லியிருந்தேன். படிக்கட்டின் அடியில் நாங்கள் நின்றபோது மணி பத்து ஐம்பத்தேழு. இரண்டுமே பொய்கள்தான், குறித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்க விரும்பவில்லை.

“மச்சான், நீங்க உக்காந்து உக்காந்து வாங்க. நான் முன்னால போய் ஆசிரியரப் பிடிச்சு வைக்கிறேன்,” என்றேன்.

“நீங்க முன்னால போறதா? உங்க எண்ணு குதிரையே முன்னால போனதில்ல, மாப்ள,” என்று சொல்லிக்கொண்டே அவர் முதல் படியில் கால் வைத்தார்.

தள்ளவில்லை, இழுக்கவில்லை. அவர் தோளோரமாக ஏறினேன், அவ்வளவுதான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். நான் ஒரு படி மேலே போனேன். அவர் மறுபடி ஏறினார். மூன்றாவதில் நின்றார். நான் இரண்டு படி மேலே போய், சௌகரியமா இருக்கா மச்சான் என்று கேட்டேன். அவர் என்னைத் தாண்டினார். நாலாவது மாடியிலிருந்து நான் படிகளை எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு.

ஒன்பது. பத்து. எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

மச்சான் ஐந்தாவது மாடியை முடித்தார். ஆறாவதையும் முடித்தார். அலுவலகக் கதவுக்கு முன்னால் கடைசிப் படியில் உட்கார்ந்து, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, என்னைப் பார்த்துச் சிரித்தார். “யாரு மாப்ள முதல்ல?” என்றார். நீங்கதான் மச்சான் என்றேன்.

என் கவனக்குறைவு எங்கே என்று பிறகு கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்தாறு தடவையும் அவர் தனியாக ஏறியவர். தனியாக ஓடிய நேரத்தை வைத்து, பக்கத்தில் இன்னொரு குதிரை ஓடும் நாளைக் கணிக்காதீர்கள் என்று என் பக்கத்திலேயே எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். சில குதிரைகள் பக்கத்தில் ஒன்று வந்தால் இல்லாத மூச்சையும் எங்கிருந்தோ கொண்டு வந்துவிடும். ஊருக்குச் சொன்ன உபதேசம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு வலி வந்தது. இடது கை நெஞ்சுக்குப் போனது. வலது கையை என் பக்கம் நீட்டி, “மாத்திரை,” என்றார். டப்பா என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். மூடியைத் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீட்டிய கையை என் கையில் வைத்துக்கொண்டேன். மற்றொரு கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. தட்டினால் மூன்று பேர் ஓடி வந்திருப்பார்கள்.

இரண்டாவது தடவை அவர் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முகம் பார்ப்பதுதானே அவர் தொழில். என்ன படித்தாரோ, அதற்கப்புறம் கேட்கவில்லை. வலி வந்து ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் மூச்சு நின்றது. ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தி, டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை அவர் வாயில் வைத்துவிட்டு, கதவைத் தட்டினேன்.

என் மனைவி இன்னும் அழுகிறாள். கடைசி நேரத்தில் நீங்களாவது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்களே என்று அடிக்கடி சொல்கிறாள். என் பக்கம் எனக்குத் திரும்பி வரவில்லை. அதில் இப்போது குறுக்கெழுத்துப் போட்டி வருகிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, சார். மச்சான் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. ஒரு மனிதர் இறந்ததைத் தற்செயல் போல அச்சில் போட்டிருக்கிறார்களே என்றுதான் வந்தேன். கொலை என்று நீங்கள் எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஆறு மாடி ஏறிவிட்டார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் அந்தக் கதவுக்குள் கால் வைக்கவே இல்லை. என் எண் தப்பவில்லை, சார். முடிவுக் கோட்டைத்தான் நான் இரண்டு நிமிடம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.