இரண்டாவது சரணம்

எனக்குக் குரல் சரியில்லை என்று இந்த ஊரில் யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. திண்டுக்கல்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நான் பாட ஆரம்பித்தால் அவர்களுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான்.

மேடம், அன்று கோட்டைக்குளத்துக் கரையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் எப்படிப்பட்ட பாடகன் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்குப் புரியும். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதிக்கும்போது முனகிக்கொண்டே இருப்பேன். அதனாலேயே என் கடைக்கு வருகிறவர்கள் கடைசி வரி எழுத்து தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடியிருக்கிறேன். நான் மைக்கைப் பிடித்ததும் பந்திக்கு ஆள் கிளம்பிவிடும். சமையல்காரர்களுக்கு என்மேல் தனிப் பிரியம். கோயில் பாடகர் குழுவில் ஃபாதர் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். பெரிய தூணுக்குப் பின்னால். அங்கே எதிரொலி நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதை நான் வெகுநாள் நம்பினேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பாட்டும் எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தேன். மழை வராத வருஷத்தைப் பற்றிய பாட்டு. பல்லவி பரவாயில்லை. முதல் சரணம் சுமார். இரண்டாவது சரணம்தான் அதன் உயிர். அதைக் கேட்டவர் உலகத்தில் ஒருவரும் கிடையாது. என் மனைவி கிளாரா முதல் சரணம் முடிகிற சமயத்தில் சரியாக மிக்ஸியைப் போட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைப்பதற்கு அதுதான் நேரம்.

இனி ரொனால்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நத்தம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்தான். கிளாரினெட் வாசிப்பான். சிறுவயதில் கோயில் பேண்டில் கற்றுக்கொண்டது. பயிற்சி என்று ஒருநாளும் உட்கார்ந்தவன் இல்லை. லாரி டயருக்குக் காற்றடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா எடுத்து ஊதுவான். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நான் பாடும்போதும் நிறுத்துவார்கள். ஆனால் எழுந்து போய்விடுவார்கள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இழுப்பு வந்தால் முகம் கறுத்துவிடும். நெஞ்சில் இத்தனை கோளாறை வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படி ஊதுகிறானே என்று ஊரே வியக்கும். எனக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் பற்றி யாரும் வியந்ததில்லை.

இந்த வருஷம் ஹாஃபிஸா என்ற பெண்ணும் அவளோடு படித்தவர்களும் சேர்ந்து ஊர்முழுக்க ஒரு பாட்டுத் திருவிழா நடத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இருட்டும்வரை தெருவெல்லாம் இசை. டிக்கெட் இல்லை, பந்தல் இல்லை, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம். தேர்வு கிடையாது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கூட ரொனால்டின் பெயரையும் கொடுத்தேன். தனியாகப் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

எங்களுக்குக் கோட்டைக்குளத்துப் படிக்கட்டை ஒதுக்கியிருந்தார்கள். சாயங்காலம் ஸ்கூட்டரில் ரொனால்டைக் கூட்டிப்போகப் போனேன். அவன் மனைவி அமலராணி எரியோட்டில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்து அவனுடைய நீல இன்ஹேலரை என் கையில் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் அதைப் பம்ப் என்பார்கள்.

“அண்ணே, இதை உங்க சட்டைப்பையில வச்சுக்கங்க. இவருக்கிட்ட குடுத்தா எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துருவாரு. உங்களை நம்பித்தான் நான் ஊருக்குப் போறேன்.”

“நீ போயிட்டு வா தாயி. நான் இருக்கேன்ல” என்றேன்.

ரொனால்டு சிரித்துக்கொண்டே என் சட்டைப்பையைத் தட்டினான். “பத்திரம்டா. என் உசுரே அதுக்குள்ளதான் இருக்கு.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

முதலில் நான் பாடினேன். கேட்க மூன்று தரப்பினர் இருந்தார்கள். படியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி, குளத்தைப் பார்த்து நின்ற ஒரு பெரியவர், கடலை வண்டிக்காரர். ஜோடி முதல் பாட்டிலேயே வேறு படிக்குப் போய்விட்டது. பெரியவருக்குக் காது கேட்காது என்று பிறகு தெரிந்தது. கடலைக்காரர் மட்டும் இரண்டாவது பாட்டுவரை தாக்குப்பிடித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு, “கோச்சுக்காதீங்கண்ணே, இங்கிட்டு யாவாரம் இல்ல” என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை.

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தேன். அந்தச் செத்த நேரத்துக்கு ரொனால்டு கிளாரினெட்டை எடுத்தான். மலைக்கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்தவர்கள் நின்றார்கள். ரோட்டில் போன பைக்குகள் ஓரங்கட்டின. படிக்கட்டு நிரம்பி, மேலே கம்பி ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள். கடலை வண்டியும் திரும்பி வந்தது. ஹாஃபிஸா என்னிடம் குனிந்து, “அங்கிள், கிளாரினெட் அங்கிளையே தொடர்ந்து வாசிக்கச் சொல்றீங்களா? எல்லாரும் கேக்குறாங்க” என்றாள். நல்ல பெண். கேட்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் போய் ரொனால்டிடம் அப்படியே சொன்னேன். எனக்குப் பொறாமை கிடையாது என்று காட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். “ஏலே, இம்புட்டுக் கூட்டம் இன்னொரு தடவை கிடைக்காது. நீ உன் மழைப்பாட்டைப் பாடு. நான் பின்னாடி ஊதுறேன்.”

“அவங்க உன்னையத்தான்டா கேக்குறாங்க.”

“அவங்க கேட்டா கேக்கட்டும். அந்த ரெண்டாவது சரணத்தை நானே இன்னும் கேட்டதில்ல.”

இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவன் அப்படிப்பட்டவன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாடினேன். யாரும் போகவில்லை. கிளாரினெட் என் குரலுக்கு அடியில் ஓடி, நான் தவறுகிற இடத்தையெல்லாம் அதுதான் சரியான இடம் என்பதுபோல மாற்றிக்காட்டியது. முதல் சரணத்தின்போது குளத்தின் மறுகரையில் யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். காற்று திரும்பியது. புகை படிக்கட்டுப் பக்கம் வந்தது. எனக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் கிளாரினெட் இரண்டு மூன்று இடத்தில் அறுந்து, பிறகு நின்றுவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. கிளாரினெட் நின்ற பிறகும் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை பேர் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரொனால்டு என்னைப் பார்த்தான். ஒரு கை நெஞ்சில் இருந்தது. இன்னொரு கையை என் சட்டைப்பையை நோக்கி நீட்டினான். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்து, பாடகர்கள் மேடையில் செய்வதுபோல, மேலே தூக்கிக் காட்டினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் கை சில்லென்று வேர்த்திருந்தது. அவன் இழுத்துப் பார்த்தான். நான் விடவில்லை. விடாமலே இரண்டாவது சரணத்தைத் தொடங்கினேன்.

நீளமான சரணம் அது. தாளில் பார்த்துவிட்டு, குறைத்து எழுதச் சொல்லி அவனே ஒருதடவை சொல்லியிருக்கிறான். அதை முழுதாகப் பாடி, பல்லவிக்கும் திரும்பினேன். நடுவில் அவன் மெல்ல முழங்கால் மடங்கிப் படியில் உட்கார்ந்தான். பாட்டில் கரைந்துவிட்டான் என்று கூட்டம் நினைத்தது. அப்படி நினைப்பார்கள் என்பதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

கைதட்டல் நிற்கும்போதுதான் ஹாஃபிஸா ஓடிவந்தாள். “அங்கிள், இவருக்கு மூச்சு இழுக்குதே. இன்ஹேலர் ஏதும் வச்சிருக்காரா?”

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் எடுத்தால் இத்தனை நேரமும் அது என்னிடம்தான் இருந்தது என்று தெரிந்துவிடும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் எனக்குக் கைதட்டியவர்கள்.

“இல்லம்மா. வீட்ல வச்சிட்டு வந்துட்டான்” என்றேன்.

ரொனால்டின் காதில் அது விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் ஒன்றுமில்லை. நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன், இதோ திருத்திக்கொள்வேன் என்பதுபோலப் பார்த்தான்.

ஆட்டோ வந்தது. நானும் அவனும் பின்னால். ஹாஃபிஸா தன் வண்டியில் முன்னால் போய் வழிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கத் தெருவில் இருந்தது. ஒரு முக்கில் தவில், அடுத்த முக்கில் தப்ஸ், அதைத் தாண்டினால் கல்லூரிப் பிள்ளைகளின் கிடார். மணிக்கூண்டில் ஆட்டோ நகரவே இல்லை. டிரைவர் ஹாரனை அழுத்த, அதையும் வாத்தியமென்று நினைத்து ரெண்டு பையன்கள் ஆடினார்கள். அங்கே என் கடைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தபோது ரொனால்டு மறுபடியும் கையைத் தூக்கினான். என் சட்டைப்பையின் மேல் விரலை வைத்தான். பேச அவனுக்கு மூச்சில்லை. டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த விரல்களை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லடா, ஆஸ்பத்திரி வந்துருச்சு” என்றேன். வந்திருக்கவில்லை.

வந்தபோது டாக்டருக்கு வேலை அதிகம் மிச்சமில்லை. பம்ப் கையில் இருந்திருந்தால் ஒருவேளை தாக்குப்பிடித்திருப்பார் என்று அவர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று என் தோளைத் தட்டினார்.

அடக்கத்தில் நான்தான் பாடினேன். யாரும் எழுந்து போகவில்லை. சாவு வீட்டில் எழுந்து போக முடியாது என்பது வேறு விஷயம்.

அமலராணியிடம், பம்ப் கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அவள் ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை. போன வாரம் கடைக்கு வந்தாள். யாரோ எடுத்த வீடியோ அவள் போனில் இருந்தது. எனக்கு முன்னால் வைத்துப் போட்டுக்காட்டினாள். நான் அவன் கையைப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தினாள்.

“அண்ணே, இவரு எதுக்குக் கையை நீட்டுனாரு?”

“பாட்டுல அப்படியே ஒன்றிட்டான் தாயி.”

“பாட்டுல ஒன்றுனா கண்ணை மூடுவாரு. எனக்குத் தெரியாதா? இது பம்ப் கேக்குற கை.” இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கினாள். என் சட்டைப்பை திரை முழுக்க வந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை. உள்ளே நீலமாகத் தெரிந்தது. “இது என்னண்ணே?”

நான் கண்ணாடிக் கடைக்காரன். சரியாகத் தெரியவில்லையே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் கத்தவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். நானாக வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நீங்கள் ஆள் அனுப்பிய பிறகுதான் வந்தேன். பம்ப்பைத் தேட வேண்டாம். கடையில் இடதுபக்க அலமாரியில் ஒரு பழுப்பு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. தூக்கி எறிய மனசு வரவில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.

காலையில் உங்களிடம், பாட்டு மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். கவனித்தேன். கை நீண்டபோதே அது எதற்கு என்று தெரியும். கொடுத்தால் மூச்சு திரும்பும், திரும்பினால் கிளாரினெட்டை எடுப்பான், எடுத்தால் அவர்கள் மறுபடி அவனைத்தான் கேட்பார்கள். படிக்கட்டில் நான் நினைத்தது அதுதான்.

ஆட்டோவில் அந்தக் காரணமும் இல்லை. அங்கே எனக்குக் கைதட்டிய கூட்டம் இல்லை, என் பாட்டு இல்லை, எங்களைப் பார்க்க ஆள் இல்லை. கொடுத்திருக்கலாம். அவன் பிழைத்திருந்தால் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டான், அமலராணியிடம்கூட. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, ஏலே பாடுடா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் மன்னித்துவிட்டான் என்று தெரிந்துகொண்டே சாகும்வரை அவன் பக்கத்தில் பாட என்னால் முடியாது. அதனால் அவன் விரல்களைப் பிடித்தபடி, முடியும்வரை காத்திருந்தேன். நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மேடம். ஹாஃபிஸாவும் மற்றவர்களும் வருகிற மாதம் ரொனால்டு நினைவாக அதே படிக்கட்டில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். அந்தப் பாட்டை முழுதாகப் பாடச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்த விஷயமெல்லாம் அவர்களுக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் என்னை விட முடியுமா? காவலுக்கு யாரை வேண்டுமானாலும் கூட அனுப்புங்கள். எனக்காகக் கேட்கவில்லை. ரொனால்டு ரொம்பச் சந்தோஷப்படுவான்.