புள்ளி மூன்று டிகிரி

மார்ச் ஒன்பதாம் தேதி, காலை ஐந்தே முக்கால் மணி, எங்கள் படுக்கையறை. வெப்பமானி 36.71 என்று காட்டியது. என் மனைவியின் உடல் வெப்பம் அப்போது 36.41.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவன். மருந்துக் கிடங்குகளும் ஆலைகளும் தங்கள் வெப்பமானிகளை எங்கள் பட்டறைக்கு அனுப்பும். சோதித்துப் பார்த்து, தேதி போட்டு, கையெழுத்திட்ட சின்ன வில்லை ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

மகள் பிறந்தபோது மனைவியின் இதயம் தடுமாறியது. இன்னொரு பிரசவத்தை அது தாங்காது என்றார் டாக்டர். கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகவில்லை. கருப்பைக்குள் வைத்த சாதனத்தையும் உதிரப்போக்கு நிற்காமல் எடுத்துவிட்டார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஆபரேஷன் என்றால் பத்து நிமிட வேலைதான் என்றார். யோசிக்கிறேன் என்றேன். ஆணுறை எனக்குப் பிடிக்காது. கடைசியில் நர்ஸ் வேலை பார்க்கும் அவள் அக்காதான் இந்த இயற்கை முறையைக் கற்றுக்கொடுத்தாள்.

தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் வெப்பம் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிவந்ததும் அது புள்ளி மூன்று டிகிரி அளவுக்கு ஏறும். ஏறியது மூன்று நாள் நிலைத்தால் பிறகு பயமில்லை. கூடவே கருப்பை வாயில் கசியும் ஈரத்தையும் கவனித்து எழுத வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக இருந்தால் ஆபத்தான நாள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் இவ்வளவையும் எழுதுவாள். ஆபத்துக்குச் சிவப்புப் பென்சில், மற்றதற்குப் பச்சை. சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் அந்த வெள்ளைக்கருதான் என் கண்ணில் படும். காலையில் முட்டை தின்பதையே விட்டுவிட்டேன்.

வெப்பமானி என் பட்டறையிலிருந்து கொண்டுவந்தது. மாதம் ஒருமுறை எடுத்துப்போய்ச் சோதித்து, புது வில்லை ஒட்டிக் கொடுப்பேன். "உங்க கையெழுத்து இருந்தா போதுங்க, நிம்மதியா தூங்குவேன்" என்பாள்.

இரண்டு வருடம் அந்த முறை பிசகவே இல்லை. பிசகு என்னிடமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, அக்கா கேட்டாள்: "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு சிவப்பா பச்சையா? சிக்னல்ல நிக்கிற வண்டி மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க." என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்திருக்க வேண்டாம். கட்டிய மனைவியைத் தொட ஒரு பென்சிலிடம் உத்தரவு கேட்கும் ஆள் நான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த வகை வெப்பமானியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் திருத்த எண் வரும். புள்ளி மூன்று கூட்டினேன். மார்ச் ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்று நாள் காலையும் தாளில் கோடு ஏறியது.

பதினோராம் தேதி அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கருவி ஒண்ணு சொல்லுது, உடம்பு வேற சொல்லுது. ஈரம் இன்னும் மாறல."

"உடம்பு குழம்பும்மா. கருவி குழம்பாது."

பன்னிரண்டாம் தேதிக்குப் பச்சை பூசினாள். அன்று மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பலவந்தம் எதுவும் இல்லை. அவள் சம்மதத்தோடுதான். பதினாறாம் தேதி திருத்த எண்ணைப் பழையபடி பூஜ்யமாக்கிவிட்டேன்.

நாள் தள்ளிப்போனதும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஈரத்தை நம்பாமல் போனேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். கலைத்துவிடலாம், இன்னும் காலம் இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் நான் பரணிலிருந்து மகளின் பழைய குழந்தைத் துணிகளை இறக்கித் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். அவ்வளவுதான். அவள் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டாக்டரிடம் போகவில்லை.

செப்டம்பர் பதினான்காம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை.

துணிமணிகளை எடுக்க வந்த அக்கா, அலமாரித் தட்டில் என் மனைவி வைத்திருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். மார்ச் பத்தாம் தேதி மனைவி எழுதியிருந்தாள்: "அக்கா கொடுத்த வெப்பமானியில் 36.40. நம்முடையதில் 36.70. அவரிடம் கேட்க வேண்டும்." அதற்குக் கீழே: "கேட்டேன். அக்காவுடையது மலிவுச் சரக்காம். வீசிவிட்டேன்."

அக்கா கத்தவில்லை. எவ்வளவு கூட்டினீர்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வெப்பமானியைத் துணியால் பிடித்து ஒரு பையில் போட்டாள். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். திரும்பவும் கழுவினாள். மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே வெளியேறினாள்.

உங்கள் மேசையில் இருக்கும் அந்த வெப்பமானியின் வில்லையில் மார்ச் இரண்டாம் தேதி இருக்கும். நான் கையெழுத்திட்ட அன்று அது சரியாகத்தான் காட்டியது. பொய்யான கருவிக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. வேண்டுமானால் எடுத்துச் சோதித்துப் பாருங்கள், சார். இப்போதும் சரியாகத்தான் காட்டும்.