சத்திரத்து மூக்கு

"அந்த முகத்தின்ரை மூக்கு இப்ப என்ரை பொக்கற்றுக்கை கிடக்கு, அண்ணை."

லா சப்பல் பஸ் தரிப்பில் எனக்கு முன்னால் நின்றவர் இதைச் சொன்னதும், கூட நின்ற மூத்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எந்த முகம்?"

"எங்கடை ரெஸ்ரோறன்ற் பழைய சத்திரமெல்லோ. குதிரை வண்டி உள்ளுக்கை போகக் கட்டின வளைவு வாசல். அதுக்கு மேலை கல்லிலை செதுக்கின முகம் ஒண்டு சிரிச்சுக்கொண்டிருக்கு. ஏணி கொண்டு போகேக்கை தட்டுப்பட்டிட்டுது."

"முதலாளி பாத்தவரோ?"

"இன்னும் இல்லை. முந்நூறு வருசத்துக்கு முந்தின பரோக் காலத்துக் கட்டடமாம். ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்கத்தைக் கேக்கோணுமாம்."

மூத்தவர் மூக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது கல்லில்லை, சீமெந்து. முந்தியே ஆரோ ஒருத்தன் உடைச்சுப்போட்டு ஒட்டியிருக்கிறான்."

மற்றவரின் முகம் தெளியவில்லை.

"அப்ப அவனை வேலையாலை நிப்பாட்டினவங்களோ, அண்ணை?"