சாயங்கால மாத்திரை

டாக்டர் எழுத்து யாருக்கும் புரியாது என்பார்கள். என் எழுத்து புரியும். பள்ளிக்கூடத்தில் அதற்கு இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். அதனால் அந்த நோட்டை வாசிக்க உங்கள் விசாரணைக் குழுவுக்குச் சிரமம் இருந்திருக்காது. நர்ஸ் நிர்மலா அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். நோட்டு என்னுடையதுதான். மறுக்கவில்லை.

உங்கள் மூன்று பேரில் ஒருவர் வக்கீல். அவருக்காக நோயைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, கவனிக்காமல் விட்டால், சிலருக்குப் பிற்பாடு இதய வால்வு தடித்துச் சுருங்கும். ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீடுகளில்தான் இது அதிகம். வால்வு சுருங்கினால் இதயம் தாளம் தப்பும். உள்ளே ரத்தம் தேங்கி உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை.

பழைய மாத்திரைக்கு அடிக்கடி ரத்தம் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டட வேலைக்காரர்களால் அப்படி வர முடியாது. நாங்கள் சோதித்த புது மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. காலை ஆறு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று. ஒரு மாத்திரை பன்னிரண்டு மணி நேரம் காக்கும், அதற்கு மேல் காக்காது.

ஆராய்ச்சிக்கு இருநூற்றுப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். மைசூரில் வேறு எந்த டாக்டராலும் அத்தனை பேரைச் சேர்த்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பாதிப் பேர் ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள். நானும் அந்தப் பக்கம்தான். மைசூர் ஹெப்பாளில் ஆலைகள் எழும்பிய காலத்தில் என் அப்பாவும் அம்மாவும் அங்கே கல் சுமந்தவர்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் தங்கள் பேச்சைப் பேசினால் அந்த ஜனங்கள் எதையும் ஒளிக்க மாட்டார்கள்.

வடிவு அப்படித்தான் சொன்னாள். வயது முப்பத்தெட்டு. கான்கிரீட் சட்டி சுமப்பவள். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு மாலை ஏழரை மணிக்கு வந்தாள். ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இல்லவே இல்லை. மாத்திரை அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். நிர்மலா எண்ணிப் பார்த்தாள். எல்லாக் குழியும் காலி, ஒன்றுகூட மிச்சமில்லை. நிர்மலாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"சாயங்காலம் போடறதில்லையா அம்மிணி?"

"அட, கண்டுபுடிச்சுட்டீங்களா?" சிரித்தாள். "இந்த ரத்தம் கோள் சொல்லிப் போடுச்சாட்ட இருக்குது."

"அந்த மாத்திரை எங்கே போகுது?"

"என்ற ஊட்டுக்காரருக்குங்க. அவருக்கும் நெஞ்சு இழுக்குதுங்கல்ல. காலைல எனக்கு, சாயங்காலம் அவருக்கு. நானு மட்டும் நல்லாயி என்னத்தப் பண்றதுங்க? ஒத்தச் செருப்ப எவன் வாங்குவான்?"

இதை நான் வக்கீலுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களை மேஸ்திரி ஜோடியாகத்தான் எடுப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஏட்டில் ஒரே பெயர். ஒருவர் படுத்தால் இன்னொருவருக்கும் வேலை கிடையாது. அதனால் வீட்டுக்கு வருவது எதுவானாலும் இரண்டாகும். சோறு, கஷாயம், சத்து ஊசிகூட. அவள் புருஷன் காளியப்பனுக்கு நெஞ்சு இழுத்தது கிரானைட் குவாரித் தூசியால். அவர் வால்வில் ஒரு கோளாறும் இல்லை. இந்த மாத்திரையால் அவருக்கு எந்தப் பயனும் கிடையாது. வடிவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"வையாதீங்க டாக்டரு," என்றாள்.

நான் வையவில்லை. "இப்ப நல்லாத்தான் இருக்கே. இப்படியே போகட்டும்," என்றேன்.

நோட்டில் முதல் பக்கம் அன்று எழுதியது.

ஏன் என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி தொடங்கும் முன்பு நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். நாளுக்கு ஒரே மாத்திரை போதுமா என்று ஐம்பது பேரிடம் பார்க்கலாம் என்று. போதுமென்றால் கூலி ஜனங்களுக்கு எளிது, மருந்தும் இரண்டு மடங்கு பேருக்கு எட்டும். அனுமதிக் குழு மறுத்தது. பாதி நாள் காப்பில்லாமல் நோயாளியை விடுவது ஆபத்து என்று இரண்டு பக்கக் கடிதம் வந்தது. கடிதம் கோப்பில் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட கடிதம். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இந்த ஜனங்கள் தாங்களாகவே ஒரு மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். நான் யாரையும் மாறச் சொல்லவில்லை. ஜோடியாக வேலை செய்பவர்களைப் பார்த்து ஒவ்வொருவராக மெதுவாக விசாரித்தேன். வடிவோடு சேர்த்துப் பதினோரு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரிடமும் 'இப்படியே போகட்டும்' என்ற அதே வார்த்தையைச் சொன்னேன். அவர்களுக்கு மட்டும் மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்தேன், இதயத்தை ஸ்கேன் செய்தேன். மற்ற நோயாளிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். கவனிப்பு என்று பார்த்தால் இவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

நிர்மலாவுக்கு ஐந்தாம் மாதம் தெரிந்தது. காத்திருக்கும் பெஞ்சில் வடிவு யாரிடமோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். நேராக என் அறைக்கு வந்தாள்.

"சார், அந்த வடிவு மாத்திரய அரைவாசி வீட்டுக்காரனுக்குக் கொடுக்கறா சார்!"

"தெரியும்."

"தெரியுமா? அல்ல சார், ஒண்ணும் சொல்லாமயா அனுப்பறது? நானே கூப்பிட்டு சொல்லிடட்டா?"

"உன் மைசூர்த் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. நான் சொல்லிக்கறேன்."

"நாளைக்கே சொல்லிடுங்க சார். ப்ளீஸ்."

"சரி."

"ஆயித்து சார்," என்று கன்னடத்தில் ஒத்துக்கொண்டு போய்விட்டாள். மறுவாரம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவள்மீது குற்றமில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் மாதம் வடிவின் ஸ்கேனில் இதயத்தின் இடது மேல் அறையில் புகை போல ஒன்று சுழன்றது. ரத்தம் உறையத் தொடங்கும் முன் அப்படித் தெரியும். படத்தை நோட்டில் ஒட்டி, தேதி போட்டேன். "என்னங்க தெரியுது?" என்று படுத்தபடி கேட்டாள். "இதயம்தான்," என்றேன். "என்றதுங்களா? கறிக்கடைல பாத்த மாதிரியே இருக்குது," என்றாள். அவள் எதற்கும் சிரிப்பவள்.

பதினேழு நாள் கழித்து, ஹெப்பாள் பக்கம் ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடித் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கே வேலை தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் உடம்பில் மருந்தே இருந்திருக்காது. தலைச் சட்டியைப் பிடித்திருந்த வலது கை நழுவி, கலவை கீழே கொட்டியது. "என்னம்மா, நின்னுகிட்டே தூங்கறியா?" என்று கொத்தனார் சத்தம் போட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லப் பார்த்திருக்கிறாள். வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கம் போய்விட்டதைக் காளியப்பன்தான் முதலில் பார்த்தார்.

ஆறு நாள் எங்கள் வார்டில் இருந்தாள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். அதில் ஒரு குறையும் காண மாட்டீர்கள். ஏழாம் நாள் காலையில் இறந்தாள். நோட்டில் 'நாளுக்கு ஒன்று: ஒன்பது மாதம் தாங்கியது' என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை நிர்மலா பார்த்துவிட்டாள். அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

காளியப்பன் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். எனக்கும் ஒரு நகல் வந்தது. 'டாக்டரு மேல தப்பில்லைங்க. அவரு எங்கூர்க்காரரு. அவ மாத்திரய நாந்தான் தின்னனுங்க. நாந்தான் அவளக் கொன்னுட்டனுங்க.' அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள், நல்லது. பிணவறை வாசலில் என்னிடமும் இதைத்தான் சொன்னார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. "விடுங்க," என்றேன்.

ஆனால் அவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அதை நானே சொல்கிறேன்.

வடிவு விழுவதற்கு ஒரு மாதம் முன்பு அவர் தனியாக வந்தார். மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். மேஜைமேல் லட்டு வைத்தார். சட்டை மார்பில் காய்ந்த ரத்தம்.

"ஏனுங் டாக்டரே, மலைல கியூவுல நிக்கயில மூக்குல ரத்தம் கொட்டிப் போடுச்சுங்க. ஒரு மணி நேரம் நிக்கவே இல்லீங்க. இந்த மாத்திரை எனக்கு ஆகாதாட்ட இருக்குது. நானு நிறுத்திக்கிட்டுமுங்களா? ரெண்டையும் அவளே போட்டுக்கட்டும்."

அவர் கேட்டது சரி. ரத்தத்தை உறையவிடாத மாத்திரை அது, தேவையில்லாதவர் தின்றால் அப்படித்தான் கொட்டும். அவர் நிறுத்தியிருந்தால் அன்று சாயங்காலமே வடிவுக்கு இரண்டாவது மாத்திரை கிடைத்திருக்கும். மேலறையில் புகை சுழன்றிருக்காது. அவள் நாளுக்கு இரண்டு தின்னும் ஆளாகியிருப்பாள், எட்டு மாதக் கணக்கு அந்த இடத்தில் அறுந்திருக்கும்.

"வெயிலுக்கு வந்திருக்கும். நிறுத்தாதீங்க. ரெண்டு பேருக்கும் நல்லதுதான்," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க," என்று எழுந்து போனார். லட்டை வார்டில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

இதுதான் நான் செய்தது. இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

மீதிப் பத்துப் பேரின் பெயரைக் கேட்கிறீர்கள். நோட்டில் நானே போட்ட எண்கள்தான் இருக்கின்றன. அந்தக் கூடுதல் ஸ்கேன்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேரையும் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்கலாம். யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவீர்கள் என்று பயப்படுவார்கள். என்னிடம் மட்டும்தான் சொல்வார்கள். அவர்களில் நான்கு பேரின் ஸ்கேனில் இப்போது அதே புகை தெரிகிறது. அவர்கள் இந்த வாரமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்களைத் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முடிந்த மறுநாள் என் கையாலேயே எழுதித் தருகிறேன். இப்போது நிறுத்தினால் வடிவு செத்தது வீணாகிவிடும். அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.