மேல் எல்லை: 2,140 மீட்டர்

எங்கள் வீட்டில் இரண்டு நுண்ணோக்கிகள் இருந்தன, தொலைக்காட்சி இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வேலை.

கடலுக்கடியில் புதைந்த ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு எல்லையும் வயதும் குறித்தவன் நான். கிணறு துளைக்கும்போது சேற்றோடு மேலே வரும் துகள்களில் கடுகைவிடச் சிறிய கடலுயிர் ஓடுகள் இருக்கும். காலத்துக்கு ஒரு வகை. குறிப்பிட்ட ஒரு பழைய ஓடு எந்த ஆழத்தில் முதலில் தலைகாட்டுகிறதோ, அங்கே அந்த அடுக்கு தொடங்குகிறது. 2,140 மீட்டர் என்று எழுதினேன். கட்டுரை அச்சானது. அதே துகள்களை மறுபடி பார்த்துவிட்டு 2,112 என்றாள் அவள். நான் கட்டுரையைத் திருத்தவில்லை.

பக்கத்திலேயே இரண்டாவது கிணறு தோண்டினார்கள். துளைக்கும் மேடைக்கு அவள் போனாள். அடுக்கின் மேல்பகுதி கெட்டி. சில மீட்டர் கீழே வாயு அடைபட்டிருக்கும். ஓடு தெரிந்ததும் நிறுத்தி, இரும்புக் குழாய் இறக்கி, சிமென்ட் போட்ட பிறகுதான் மேலும் துளைக்கலாம்.

காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"புரொபசர், நீங்கதான் எங்கயும் லேட்டு. உங்க பாறை சீக்கிரமே வந்துடுச்சு. 2,112. நிறுத்தச் சொல்லட்டுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

படம் அனுப்பச் சொன்னேன். பழைய பாறையிலிருந்து அரித்து வந்து புதிய மண்ணில் கலந்த ஓடுகளும் உண்டு. அவை மழுங்கியிருக்கும். இது மழுங்கவில்லை. விளிம்பில் ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம். எண்ணினேன்.

"அரிச்சு வந்த பழசு அது. கணக்குல எடுத்துக்காத. 2,140 வரைக்கும் போகட்டும்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது? சரிங்க. சாயங்காலம் பேசுறேன்."

2,126-இல் வாயு பீறிட்டது. ஐந்து பேர் போனார்கள். நான்கு உடல்கள் கிடைத்தன. அவளுடையது கிடைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த அவள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா கடைசியா உங்ககிட்டதான் பேசினாங்களாம், மாமா. அது ஒண்ணுதான் ஆறுதல்." ஆமாம் என்றேன்.

விசாரணைக்காக நீங்கள் கேட்ட படம் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. ஓடு மழுங்காதது என்று அன்றைக்கே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வாயு எங்கே இருக்கும் என்பதும் தெரியும்.

திருத்திய கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். மேல் எல்லை 2,112. அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். அந்த இருபத்தெட்டு மீட்டரைத் தவிர எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.